முரசுக்கு வார், வீணைக்கு நரம்பு

ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த திருநாளைப்போவாரை, நாம் நந்தனார் என்று அழைப்பவரை, சேக்கிழார் தொழிலோடு சேர்த்தே அறிமுகம் செய்கிறார். சிவன் கோயில்களின் பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்த்தத் தோல் கொடுத்தவர் அவர். அந்தத் தோலை இழுத்துக் கட்ட வார் கொடுத்தவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவர். பூசைக்குக் கோரோசனை கொடுத்தவர்.

இது எளிய வேலை இல்லை. ஈரம் கூடினால் தோல் தொய்யும். காய்ந்து இறுகினால் பிளக்கும். முடி எங்கே மழிக்கப்பட வேண்டும், எந்த அளவு இழுத்தால் நாதம் பிறக்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், காதுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோயிலில் முரசு முழங்கியபோதெல்லாம் அந்தக் கையும் காதும்தான் உள்ளே ஒலித்தன. ஆள் மட்டும் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டபோதும் அவர் பார்த்தது வெளியில் நின்றுதான். தில்லையில் உள்ளே போக அவர் நெருப்பில் மூழ்க வேண்டியிருந்தது. மூழ்கி எழுந்தபோது பூணூல் துலங்கும் முனிவராக எழுந்தார் என்கிறது பெரியபுராணம். வார் அறுத்த அந்த உடல் தீயோடு போயிற்று.

பக்தி இலக்கியத்தில் இதைவிடக் கூர்மையான தொழில் கேள்வி இருக்குமா என்று தெரியவில்லை. ஒருவருடைய குணமும் திறமையும் அவரை ஒரு வேலைக்கு இட்டுச்செல்கின்றன என்று சொல்வது சுலபம். நந்தனார் தோல் வேலையில் தேர்ந்தவராக இருந்தது அவர் இயல்பாலா, அவர் பிறந்த சேரியாலா? அவருக்கு யாழ் மீட்டும் விரல்கள் இருந்தனவா என்பதை யாராவது ஒருமுறையேனும் சோதித்துப் பார்த்தார்களா?

சமயங்கள் இந்தக் கேள்வியை வெகுகாலமாகச் சுமந்து வருகின்றன. 'அவன் சுபாவமே அப்படி' என்று நாம் வீட்டில் சாதாரணமாகச் சொல்லும் சொல், வடமொழியின் சுவபாவம். தன் இயல்பு என்று பொருள். பகவத்கீதையின் பெரிய வாதம் ஒன்று இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. குருக்ஷேத்திரத்தில் தேரின் நடுவே உட்கார்ந்துவிட்ட அர்ஜுனன் போரை மறுப்பதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களைக் கொன்று அனுபவிப்பதைவிடப் பிச்சையெடுத்துச் சாப்பிடுவது மேல் என்கிறான். அதாவது, வேறொரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கிறான். கிருஷ்ணர் அதற்குச் சொல்லும் பதில் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலுமாக இருமுறை வருகிறது: பிறருடைய தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வது மேல். பதினெட்டாம் அத்தியாயத்தில் இன்னும் ஒருபடி போகிறார். போர் செய்ய மாட்டேன் என்று நீ முடிவு செய்தாலும் உன் இயல்பே உன்னை அதற்குள் தள்ளும் என்கிறார்.

அர்ஜுனனைப் பொறுத்தவரை இதில் ஆழ்ந்த உண்மை உண்டு. வில்லைத் தவிர வேறெதையும் அத்தனை காதலோடு தொடாதவன் ஒருநாள் காலையில் துறவியாகிவிட முடியாது. கலக்கத்தில் எடுக்கும் முடிவு வேறு, இயல்பிலிருந்து வரும் முடிவு வேறு. வேலையில் ஓர் அடி விழுந்ததும் 'இது எனக்கு ஒத்துவராது' என்று கிளம்பத் துடிக்கும் எவரும் அந்த இடத்தில் நின்று யோசிக்கலாம். சிக்கல், இயல்பு எது என்பதை எப்படி அறிவது என்ற இடத்தில் தொடங்குகிறது. நான்கு வர்ணங்களும் குணத்தையும் செயலையும் ஒட்டிப் பிரிக்கப்பட்டவை என்று அதே கீதையின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. அங்கே பிறப்பு என்ற சொல் இல்லை என்று ஒரு சாரார் காலங்காலமாக வாதாடி வருகிறார்கள். நல்ல வாதம். ஆனால் ஊர் நடைமுறையில் குணத்தை அளந்தது யார்? பிரசவ அறையிலேயே அளந்து முடித்துவிட்டார்கள்.

1936ல் இந்த இடத்தில்தான் காந்தியும் அம்பேத்கரும் நேருக்கு நேர் மோதினார்கள். லாகூரில் ஒரு சாதி ஒழிப்பு மாநாட்டில் தலைமையுரை ஆற்ற அம்பேத்கர் அழைக்கப்பட்டார். எழுதி அனுப்பிய உரையைப் பார்த்து அழைத்தவர்களே தயங்கியதால் அவர் அதைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு' என்று தமிழில் அறியப்படும் நூல். சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடுதானே, எல்லாச் சமூகத்துக்கும் அது தேவைதானே என்ற வாதத்தை அதில் அவர் எடுத்துக்கொள்கிறார். சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களைப் பிரித்து அடுக்குகிறது என்கிறார். அந்தப் பிரிவு மனிதரின் இயல்பான திறமையைப் பார்த்துச் செய்யப்பட்டதும் அல்ல, அவர்கள் விருப்பத்தைக் கேட்டுச் செய்யப்பட்டதும் அல்ல. பெற்றோரின் இடத்தைப் பார்த்து முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. ஒரு தொழில் நசிந்தால் இன்னொன்றுக்கு மாற விடாததால் வேலையின்மைக்கே அது ஒரு காரணம் என்று பொருளாதாரம் படித்தவராகவும் சுட்டுகிறார்.

காந்தி 'ஹரிஜன்' இதழில் பதில் எழுதினார். சாதிக்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் முன்னோர் தொழிலைப் பின்பற்றி உணவைத் தேடிக்கொள்வதே வர்ண விதி என்றும், எந்தத் தொழிலும் உயர்வில்லை தாழ்வில்லை, துப்புரவு செய்பவரின் பணியும் வேதம் ஓதுபவரின் பணியும் கடவுளின் முன் ஒன்றே என்றும் எழுதினார். இதில் ஒரு கனிவு இருக்கிறது. தொழிலுக்குத் தொழில் ஏற்றத்தாழ்வு கற்பிக்காத கனிவு. ஆயினும் அம்பேத்கரின் பதிலடி தப்பவியலாதது. பனியா குலத்தில் பிறந்த மகாத்மா தராசைத் தொடவே இல்லை. அவருடைய முன்னோர் வணிகத்தை விட்டு மந்திரி வேலைக்குப் போனவர்கள். தொழில் தேரும் வேளை வந்தபோது அவர் தேர்ந்தது சட்டம். பிறகு அதையும் விட்டு அரசியலுக்கும் துறவுக்கும் போனார். அந்த இயல்பு அவருக்கு எங்கிருந்து தெரியவந்தது? செய்து பார்க்க வாய்ப்பு இருந்ததால் தெரியவந்தது.

இந்தப் பதிலடியை எழுதியவருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917ல் பரோடா அரசின் வேலையில் சேர்ந்த அம்பேத்கருக்கு அந்த நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். சில நாட்களிலேயே தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். வேலைக்கான தகுதி முழுக்க இருந்தது. அந்த வேலையை முடித்துவிட்டு இரவில் தலைசாய்க்க ஒரு கூரை இல்லை. பரோடாவை விட்டுக் கிளம்பிவிட்டார்.

கீதையைத் தன்னுள் வைத்திருக்கும் மகாபாரதமே இந்தக் கேள்விக்குச் சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆயுத அரங்கில் அர்ஜுனனுக்கு இணையாக வித்தை காட்டிய கர்ணனிடம் கிருபர் கேட்டது குலத்தை. கர்ணன் கதையில் ஒரு சமாதானம் ஒளிந்திருக்கிறது: அவன் உண்மையில் குந்தியின் மகன், ஆகவே ரத்தம் வெளிப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஏகலைவன் கதையில் அதற்கு இடமே இல்லை. அவன் வேடன் மகன். மண்ணால் ஆசிரியரைச் செய்துவைத்துத் தானே பழகி, அர்ஜுனனையே திகைக்க வைத்தவன். துரோணர் அவனுடைய திறமையை மறுக்கவில்லை. திறமை இருப்பது உறுதியானதால்தான் கட்டைவிரலைக் கேட்டார். இயல்பு தொழிலைத் தீர்மானிக்கும் என்ற கொள்கையை அந்தச் சமூகம் உண்மையிலேயே நம்பியிருந்தால், அந்த விரல் அதன் இடத்திலேயே இருந்திருக்கும். அந்த விரலையும் காவியம் மறைக்காமல் பதிவு செய்து வைத்திருக்கிறது. அந்த நேர்மைக்கு வணங்கத்தான் வேண்டும்.

கிரேக்கத்திலும் இதே முடிச்சு உண்டு. பிளேட்டோ 'குடியரசு' நூலில் ஒரு கதை சொல்லச் சொல்கிறார்: கடவுள் மனிதர்களைப் படைக்கும்போது சிலருக்குள் பொன்னையும் சிலருக்குள் வெள்ளியையும் சிலருக்குள் இரும்பையும் வெண்கலத்தையும் கலந்தார். ஆள்பவரும் காவலரும் உழைப்பவரும் அதன்படி அமைந்தார்கள். நம் ஊர்க் கதை போலவே தொடங்குகிறது. ஆனால் பிளேட்டோ ஒன்றைச் சேர்க்கிறார். பொன் பெற்றோருக்கு வெண்கலப் பிள்ளை பிறக்கலாம், வெண்கலப் பெற்றோருக்குப் பொன் பிள்ளை பிறக்கலாம். அப்படிப் பிறந்தால் இரக்கமில்லாமல் கீழே இறக்கவும் மரியாதையோடு மேலே ஏற்றவும் வேண்டும் என்கிறார். பெண்கள் ஆளலாமா என்ற கேள்வி வரும்போது இன்னும் ஓர் அழகான வாதம் வைக்கிறார். வழுக்கைத் தலைக்காரர் செருப்புத் தைத்தால், முடியுள்ளவர் தைக்கக் கூடாது என்று தடுப்போமா? தலைமுடிக்கும் செருப்புத் தைப்பதற்கும் என்ன தொடர்பு? வேலைக்குத் தொடர்புள்ள வேறுபாட்டை மட்டுமே வேறுபாடு என்று கொள்ள வேண்டும். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி புதிதாகவே இருக்கிறது. என்றாலும் பிளேட்டோவின் மூன்று வகுப்புகளையும் அம்பேத்கர் விடவில்லை. மனிதர்களை மூன்றே புட்டிகளில் அடைப்பது மேலோட்டமான பார்வை, ஆளுக்கு ஆள் இயல்பு வேறு என்றார்.

தமிழில் இதை மிக நுட்பமாகத் தொட்டவர் திருவள்ளுவர். 51ஆம் அதிகாரமான தெரிந்து தெளிதலில் நம்பத்தக்கவரின் அடையாளங்களில் ஒன்றாகக் குடிப்பிறப்பைச் சொல்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த அதிகாரம், தெரிந்து வினையாடல், வேறு திசையில் நகர்கிறது. ஒருவரை வேலையில் அமர்த்த அன்பு, அறிவு, கலங்காத தெளிவு, பேராசையின்மை என்ற நான்கையும் பார்க்கச் சொல்கிறார். வேலை, கருவி, ஆள் மூன்றும் பொருந்துகின்றனவா என்று எடைபோட்டுவிட்டு, அதன்பின் ஆளின் கையில் விட்டுவிட்டு ஒதுங்கச் சொல்கிறார். இவற்றுக்கு நடுவே, 514ஆம் குறளில், ஓர் அரிய எச்சரிக்கை இருக்கிறது. எத்தனை வகையாகச் சோதித்துத் தேர்ந்தாலும், வேலையில் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுபவர் பலர் என்கிறார். பதவி கிடைத்ததும் கெட்டுப்போவதையே உரைகள் இங்கே காண்கின்றன. அதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயரெடுத்தவர் சரியான வேலை கையில் வந்ததும் வேறு ஆளாகிவிடுவதை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. இயல்பு என்பது வேலைக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட ஜாதகம் என்றால் இரண்டுமே நடக்க வழியில்லை.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இந்த முடிச்சை இன்னும் அவிழ்க்கிறது. ஓவியமும் நல்ல தமிழும் கல்வியும் பழகப் பழக வருபவை, நட்பும் இரக்கமும் கொடையும்தான் உடன்பிறந்தவை என்பது அதன் கருத்து. திறமையையும் குணத்தையும் அவர் தனித்தனியாக வைத்திருக்கிறார். நாமோ இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, குணத்துக்கு உரியதைத் திறமையின் மேல் ஏற்றி, 'கணக்கு இவனுக்கு வரவே வராது' என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆயுள் தண்டனை எழுதிவிடுகிறோம்.

இதே கருத்தை அரிஸ்டாட்டில் கொத்தனாரை வைத்துச் சொன்னார்: வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் வீடு கட்டுபவர் ஆகிறார். சீனத்துச் சுவாங்ட்சு நூலில் வரும் சமையற்காரர் திங்கின் கதை அதைவிட உயிரோட்டமானது. பிரபு ஒருவருக்காக அவர் மாட்டை அறுக்கிறார். தோளும் காலும் முழங்காலும் அசைய, கத்தி இழையும் ஓசை இசைபோல் கேட்கிறது. பிரபு வியக்க, திங் விளக்குகிறார்: தொடக்கத்தில் என் கண்ணுக்கு முழு மாடுதான் தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முழு மாடு தெரிவதில்லை; மூட்டுகளுக்கு இடையே உள்ள வெற்றிடம்தான் தெரிகிறது. சாதாரணச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார். என் கத்திக்கு 19 வயது, இன்னும் கூர் மழுங்கவில்லை. சிக்கலான இடம் வந்தால் நின்று, பார்த்து, மெல்ல நகர்கிறேன். வாழ்வது எப்படி என்று உன்னிடம் கற்றுக்கொண்டேன் என்கிறார் பிரபு. திங்குக்கு அந்த இயல்பு பிறவியில் வந்ததா? கதை அதைக் கேட்கவே இல்லை. அவருக்கு மூன்று ஆண்டுகள் கிடைத்தன, அதன் பிறகு 16 ஆண்டுகள் கிடைத்தன.

மூன்று ஆண்டுகள்கூடக் கிடைக்காமல் போவதுதான் தமிழ்நாட்டில் 1953ல் எழுந்த பெரும் சண்டையின் மையம். அப்போதைய சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை இரண்டு முறைகளாகப் பிரித்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிப்பார்கள், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். பணமும் கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இரு மடங்குப் பிள்ளைகளுக்கு இடம் தர இதுவே வழி என்பது அவர் தரப்பு. கைத்தொழிலின் மேல் அவருக்கு உண்மையான மதிப்பும் இருந்தது. எதிர்த்தவர்கள் அதற்குச் சூட்டிய பெயர் குலக்கல்வித் திட்டம். பெரியார் தலைமையில் எழுந்த எதிர்ப்பு கட்சி எல்லைகளைத் தாண்டியது. 1954ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. திட்டத்தின் நோக்கம் நல்லதா கெட்டதா என்று இன்றும் விவாதிக்கலாம். அதன் அடியில் இருந்த அனுமானம்தான் தவறு. குயவர் வீட்டுப் பிள்ளையின் கை களிமண்ணை நோக்கித்தான் போகும் என்று ஆறு வயதிலேயே அரசு தெரிந்துவைத்திருக்க முடியாது.

கிறிஸ்தவ மரபில் இதற்கு ஓர் அழகான சொல் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அது தாலந்து. பயணம் போகும் எஜமான் மூன்று ஊழியர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரவர் திறமைக்குத் தக்கபடி கொடுத்தார் என்று மத்தேயு சொல்கிறது. தாலந்து என்பது உண்மையில் ஒரு நிறை, வெள்ளியையோ பொன்னையோ நிறுக்கும் பெரிய அளவு. இந்த உவமையால்தான் ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல்லுக்கே திறமை என்ற பொருள் ஏறியது. நம் தேவாலயங்களிலும் நன்றாகப் பாடும் பிள்ளையை 'அவனுக்குப் பாட்டுத் தாலந்து இருக்கிறது' என்கிறார்கள். ஒரு தாலந்து பெற்றவன் பயந்துபோய் அதை மண்ணில் புதைத்துவைத்தான் என்பதும், எஜமான் அவனைத் தண்டித்தார் என்பதும் கதை. பிரசங்கங்களில் பெரும்பாலும் அந்த ஊழியனின் சோம்பலே கண்டிக்கப்படுகிறது. அவனுடைய தாலந்தை வேறொருவர் பறித்துப் புதைத்திருந்தால் தண்டனை யாருக்கு என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

1910 வாக்கில் திருக்கோவிலூரில் ஒரு துணை ஆட்சியர் அந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொண்டார். வேலை தேடி ஓர் இளைஞர் கையில் கணக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை போதும் என்றார். கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். பெயர் சீனிவாச ராமானுஜன். அந்தத் துணை ஆட்சியர் வி.ராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியவருக்கு வேலை கொடுக்க மனம் வரவில்லை. வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்த மேதையை மூச்சுத்திணறச் செய்ய விரும்பவில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். பரிந்துரைக் கடிதம் கொடுத்துக் கணிதம் தெரிந்தவர்களிடம் அனுப்பிவைத்தார்.

வேலை கொடுத்ததால் வாழ்ந்தவர்களை நாம் அறிவோம். வேலை மறுக்கப்பட்டதால் பிழைத்த திறமை இது. அப்போது ராமானுஜனுக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த மறுப்புக்குப் பின்னால் அந்தக் கணித வட்டத்தைச் சேர்ந்த ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் கொடுத்த பணம் இல்லையென்றால் அது வெறும் கொடுமையாகவே முடிந்திருக்கும். 1912 மார்ச் 1ஆம் தேதி ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தரானார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதக்காரர். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். வேலைக்கு இடையே கணிதத்தைப் பார்த்து முகம் சுளிக்காத ஓர் அலுவலகம் அது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் தொடக்கத்திலேயே தாம் துறைமுகக் கழகத்தின் எழுத்தர் என்று அறிமுகம் செய்துகொண்டார்.

கேம்பிரிட்ஜுக்குப் போக அடுத்த தடை சமயத்திலிருந்தே வந்தது. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விலக்கு. தாயாருக்குச் சம்மதமில்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி மகனைத் தடுக்காதே என்று சொன்னதாகவும் அதன்பின் தாயார் இசைந்ததாகவும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். கதவை அடைத்ததும் நம்பிக்கை, திறந்ததும் நம்பிக்கை. சமயம் ஒருவருடைய திறமைக்கு எதிரியா துணையா என்று பொதுவாகக் கேட்பவர்கள் அந்தக் குடும்பத்தின் அந்தச் சில வாரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ராமானுஜனைப் போன்ற எடுத்துக்காட்டுகளில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாருக்கும் உள்ளே ஒரே ஒரு தீ எரிந்துகொண்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் தொழில் தானே அமையும் என்று தோன்றிவிடும். பாஸ்டனில் 1908ல் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கிய பிராங்க் பார்சன்ஸ் அப்படி நினைக்கவில்லை. உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திச் சிந்தி என்ற மூன்று படிகளை வைத்தார். இன்றைய தொழில் வழிகாட்டல் பெரும்பாலும் அந்தப் படிகளில்தான் நிற்கிறது. நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் 'என்ன குரூப்?' என்று கேட்கும்போது மூன்று படிகளும் ஒரே மதியத்தில் முடிந்துவிடுகின்றன. மதிப்பெண்ணே இயல்பு என்று கொள்ளப்படுகிறது. பழைய முறையில் பிரசவ அறை அளந்ததை இப்போது ஒரு தேர்வுத்தாள் அளக்கிறது. முன்னேற்றம்தான், ஆனால் அளவுகோலின் மேல் வைக்கும் நம்பிக்கையில் மாற்றமில்லை.

திறமைக்கும் வேலைக்கும் முடிச்சுப் போட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1656ல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் விலக்கிவைத்த ஸ்பினோசா லென்ஸ் தீட்டிப் பிழைத்தார். நல்ல கைவினைஞர் என்று பெயரும் எடுத்தார். 1673ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் தத்துவப் பேராசிரியர் பதவியோடு கூப்பிட்டபோது, சுதந்திரமாகச் சிந்திக்க முடியாது என்று பணிவோடு மறுத்தார். தத்துவமே இயல்பானவர் தத்துவத்தைச் சம்பளமாக்க மறுத்த தருணம் அது. பௌத்தம் இன்னொரு பக்கத்திலிருந்து கேள்வியைத் தொடுகிறது. ஆயுதம், உயிர்கள், மாமிசம், மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வணிகத்தையும் இல்லறத்தாருக்கு விலக்கினார் புத்தர். ஒருவர் அதில் எத்தனை திறமைசாலி என்று அவர் கேட்கவில்லை. அந்தத் திறமை யார் மேல் போய் விழுகிறது என்று கேட்டார். குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனின் கையை நடுங்க வைத்ததும் அந்தக் கேள்விதானே.

மறுபடியும் 1912. ராமானுஜன் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அதே ஆண்டு, அதே சென்னையில், அவரைவிட ஒரு வயது மூத்த ஒரு பெண் மருத்துவப் பட்டம் பெற்றார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளை மீறி அவருக்கு இடம் தரப்பட்டது. அவருடைய தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். குலத்தொழில் என்ற கணக்கின்படி பார்த்தால் அந்த மரபின் பெண்ணுக்கு ஊர் ஒதுக்கிவைத்திருந்தது கோயில், சதங்கை, ஒரு புரவலர். முத்துலட்சுமியின் கை ஸ்டெதாஸ்கோப்பைத் தேடியது. சட்ட மேலவையில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947ல் சட்டமானது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் வந்தது.

அந்தப் போராட்டத்தை எதிர்த்து மனுக் கொடுத்தவர்களில் தேவதாசிப் பெண்களே இருந்தார்கள். இது எங்கள் கலை, எங்கள் பிழைப்பு, எங்கள் இறைப்பணி என்றார்கள். அவர்களை வெறும் பழமைவாதிகள் என்று ஒதுக்கினால் ஒரு பெரிய உண்மை கைநழுவிப் போகும். அதே மரபில் 1918ல் பிறந்த பாலசரஸ்வதி, வீணை தனம்மாளின் பேத்தி, கந்தப்பப் பிள்ளையிடம் கற்று, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் காமாட்சி சந்நிதியில் அரங்கேறினார். நல்ல குடும்பத்துப் பெண் ஆடக்கூடாது என்று ஊர் பேசிய காலத்திலும், பிறகு 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' எல்லாரும் ஆடத் தொடங்கிய காலத்திலும் அவர் தம் பாட்டிமார் விட்டுச்சென்ற ஆட்டத்தையே ஆடினார். 1975ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பேசும்போது பரதநாட்டியக் கச்சேரியை ஒரு கோயிலாக விரித்துக் காட்டினார். அலாரிப்பு கோபுரம். ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள். வர்ணம் கருவறை. பதம் வரும்போது முரசொலி அடங்கி இறைவனுக்கு அருகில் நிற்கும் அமைதி.

ஒரே மரபிலிருந்து ஒருவர் வெளியேறித் தம் இயல்பை அடைந்தார், ஒருவர் உள்ளேயே நின்று தம் இயல்பை அடைந்தார். குலத்தொழில் இயல்புக்கு எதிரானது என்று பாலசரஸ்வதியை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. குலத்தொழில்தான் இயல்பு என்று முத்துலட்சுமியை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பாலசரஸ்வதிக்கும் அந்த ஆட்டம் பல ஆண்டுக் கடும் பயிற்சிக்குப் பிறகே உடம்பில் குடியேறியது, ரத்தத்தில் இறங்கி வந்துவிடவில்லை. இருவருக்கும் பொதுவானது, தம் கை எதை நோக்கிப் போகிறது என்பதைச் செய்து பார்க்க அவர்களுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, எவருடைய தர்மத்தையும் எந்த நூலும் எந்த அரசும் சொல்லிவிட முடியாது.

பாலசரஸ்வதி சொன்ன அந்தக் கோயிலில் முழங்கியதும் தோல் கருவிதான். பலா மரத்தைக் குடைந்து, ஆட்டுத் தோலும் பசுத் தோலும் எருமைத் தோலும் சேர்த்துச் செய்யப்படும் மிருதங்கம். அதை இழுத்துக் கட்டும் எருமைத்தோல் பட்டைக்கு இன்றும் பெயர் வார். நந்தனார் கோயிலுக்குக் கொடுத்த அதே பொருள், அதே சொல். அதைச் செய்பவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள், தலைமுறைகளாக இதையே செய்பவர்கள். தோலின் மேல் கரணை எனும் கருப்புப் பூச்சை இடும்போது ஒவ்வொரு படலத்துக்கும் தட்டிப் பார்த்து, சுருதி எங்கே நிற்கிறது என்று கேட்டு, மேலும் தேய்க்கிறார்கள். வித்வான் கேட்கும் நாதத்தை அவர் மேடையேறுவதற்கு முன்பே தம் காதில் கேட்டவர்கள் இவர்கள். கருவியை ஒப்படைத்துவிட்டு, அடுத்த தோலை ஊறப்போடக் கிளம்புகிறார்கள்.